அறிவுக் கொடையும் நன்றிக் கடனும்

நன்றி என்னும் சொல் நம் மக்களிடையே எளிதில் வழங்கிய சொல் அன்று. களத்து மேட்டில் தமக்குரிய கூலி நெல்லைப் பெறும்போதுகூடத் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பிற் கட்டிக்கொண்டு, குனிந்து நின்று வாங்கிய தலைமுறையின் வழிவந்தவர்கள் நாம். உழைத்து ஈட்டிய கூலிக்கே கைகட்டி நன்றி கூறும்படி நிறுத்தப்பட்ட சமுதாயத்திற் பிறந்த இளைஞன் ஒருவன் இன்று கல்வி உதவித்தொகை பெறுங்கால், அவன் உள்ளத்தில் இருவேறு எண்ணங்கள் எழுதல் இயல்பே. “இது என் உரிமை; இதற்கு நன்றி எதற்கு?” என்பது ஒன்று. “இத்துணைப் பெரிய உதவி செய்தவர் முன் நான் நிமிர்ந்து நிற்கலாமா?” என்பது மற்றொன்று.

வள்ளுவப் பெருந்தகை செய்ந்நன்றி அறிதலுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். மானத்திற்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். இவ்விரண்டும் ஒருங்கே ஓர் உள்ளத்தில் வாழ இயலுமா என்னும் வினாவிற்கு, நூல்களினும் தெளிவாக விடை தருவது அண்ணல் அம்பேத்கரின் மாணவப் பருவ வரலாறாகும். அவ்வரலாற்றில் ஓர் அரசர் வருகிறார். ஓர் ஆசிரியர் வருகிறார். ஓர் அருங்காட்சியகமும் வருகிறது. நம் கழகத்தின் வெள்ளி விழா மலரில் அதனை எடுத்துரைப்பது பொருத்தமென எண்ணுகிறேன்.

ஓர் ஆசிரியரும் ஓர் அரசரும்

1907 ஆம் ஆண்டில் பீமராவ் அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். தீண்டப்படாதோர் எனப்பட்ட வகுப்பிலிருந்து ஒரு மாணவன் அந்நிலையை எட்டுதல் அக்காலத்தில் அரிய செய்தி. அவரைப் பாராட்டப் பம்பாயில் ஒரு கூட்டம் நடைபெற்றது. கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அவ்விளைஞருக்குப் பரிசாக வழங்கினார். பொழுது சாயும் வேளையில் பூங்காவில் அமர்ந்து படிக்கும் வழக்கமுடைய அம்மாணவனை அவர் முன்பே கண்டு, அவன்பால் அன்பு கொண்டிருந்தார்.

கல்லூரிப் படிப்பு நடுவழியில் நின்றுவிடும் நிலை வந்தபோது, பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாடிடம் பரிந்துரைத்தவரும் அவ்வாசிரியரே. மன்னர் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை அளித்தார். அதனைக் கொண்டு எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று அம்பேத்கர் இளங்கலைப் பட்டம் பெற்றார். ஒரு நல்ல நூலும் ஒரு பரிந்துரைச் சொல்லும் ஆசிரியரிடமிருந்து வந்தன; பொருள் அரசரிடமிருந்து வந்தது. கல்விக் கொடை என்பது பல கைகள் சேர்ந்து செய்யும் செயல் என்பதை இதனால் அறிகிறோம்.

சயாஜிராவைப் பற்றியும் சில செய்திகள் அறிதற்குரியன. அவர் அரண்மனையிற் பிறந்தவர் அல்லர். நாசிக் அருகே கவ்ளாணா என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் 1863 இல் பிறந்தார். 12 வயது வரை முறையான கல்வி பெறாதிருந்த அச்சிறுவன், 1875 இல் பரோடா அரச குடும்பத்தாரால் மகவாக ஏற்கப்பட்ட பின்னரே எழுத்தறிவு பெற்றான். கல்லாமையின் இருளையும் கல்வியின் ஒளியையும் ஒருவாழ்வில் கண்டவர் ஆதலின், அரசுரிமை எய்தியதும் கல்விக்கு முதலிடம் அளித்தார். தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறந்தார். 1906 இல் தம் ஆட்சிப்பகுதி முழுவதிலும் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கினார்.

அவர் பரோடாவின் பொதுப் பூங்காவில் ஓர் அருங்காட்சியகத்தையும் எழுப்பினார். அதன் கட்டடம் 1894 இல் நிறைவெய்தியது. அக்கட்டட வடிவமைப்பிற் பங்கு கொண்டவர், நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை வடித்த இராபர்ட் சிஷோம் என்பவரே. உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த அரும்பொருள்களும், எகிப்து நாட்டு மம்மி ஒன்றும் அங்கு இடம்பெற்றன. ஓர் அரசரின் பெட்டகத்தில் பூட்டியிருக்கத்தக்க பொருள்களை மக்கள் கண்டு கற்பதற்கு வைப்பது கல்விக் கொடையின் மற்றொரு வடிவமன்றோ!

பூங்காவில் ஐந்து மணி நேரம்

1913 இல் மன்னர் அம்பேத்கருக்கு மேலும் ஓர் உதவித்தொகை வழங்கினார். மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகள் நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயில அது வழிசெய்தது. படிப்பு முடிந்தபின் பரோடா அரசுப் பணியில் 10 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்பது உடன்படிக்கை.

அவ்வுதவித்தொகையை அம்பேத்கர் எவ்வாறு பயன்படுத்தினார் என்பது நம் இளைஞர்கள் சிந்திக்கத்தக்கது. 1915 இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1916 மே மாதத்தில், மானிடவியல் பேராசிரியர் கோல்டன்வைசர் நடத்திய ஆய்வரங்கில், இந்தியாவிற் சாதிகள் தோன்றி இயங்கும் முறை குறித்து ஒரு கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு வயது 25. மறு ஆண்டில் அக்கட்டுரை ‘இந்தியன் ஆன்டிகுவரி’ என்னும் இதழில் வெளிவந்தது. கல்வெட்டுகளும் செப்பேடுகளும் தொல்பொருட் செய்திகளும் வெளியிடப்பெற்ற ஆய்விதழ் அது. தம்மை ஒடுக்கிய அமைப்பையே ஆய்வுப் பொருளாக்கி, அறிஞர் அவையில் அளந்து காட்டினார் அவ்விளைஞர். உதவித்தொகைக்கு அதனினும் சிறந்த கணக்கு ஒப்புவித்தல் உண்டோ?

1917 இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. இலண்டனில் தொடங்கிய படிப்பை இடையில் நிறுத்தி, உடன்படிக்கையின்படி அவர் பரோடா திரும்பினார். அவரை வரவேற்கத் தலைநகரில் ஒரு வீடும் திறக்கவில்லை. வேறு வழியின்றிப் பார்சி வகுப்பினர்க்குரிய விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் பூண்டு தங்கினார். நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் கட்டணம். பதினோராம் நாள் காலையில் சினங்கொண்ட சிலர் கையில் தடியுடன் வந்து, மாலைக்குள் வெளியேறும்படி எச்சரித்தனர். நகரில் இருந்த நண்பர் இருவரை நாடினார். இருவரும் இடம் தர இயலவில்லை. இரவு ஒன்பது மணிக்குப் பம்பாய்ப் புகைவண்டி. அதுவரை இருந்த ஐந்து மணி நேரத்தை அவர் காமாட்டி பாக் என்னும் பொதுப் பூங்காவிற் கழித்தார்.

இளைஞர்களே, இவ்விடத்திற் சற்றே நின்று எண்ணுங்கள். சயாஜிராவ் எழுப்பிய அருங்காட்சியகம் நிற்பது அதே பூங்காவில்தான். கொலம்பியாவிற் பயின்ற அறிஞர், தம்மைக் கற்பித்த மன்னரின் தலைநகரில், அம்மன்னர் மக்களின் அறிவுக்கென அமைத்த மாளிகை நிற்கும் பூங்காவில், தலைசாய்க்க இடமின்றி அமர்ந்திருந்தார். ஓர் அரசரின் நல்லெண்ணம் ஒரு மாணவனைக் கடல் கடத்தி அனுப்ப முடிந்தது. அவ்வூர்த் தெருவில் ஒரு கதவைத் திறக்க முடியவில்லை. தனி மனிதரின் கொடைக்கு உள்ள வலிமையும் அதன் எல்லையும் ஒருங்கே விளங்கும் இடம் அது. இன்று அப்பூங்கா சயாஜி பாக் என வழங்குகிறது. அம்பேத்கர் அமர்ந்த இடம் சங்கல்ப பூமி என்று போற்றப்படுகிறது.

காணிக்கை உரைகள் கற்பிக்கும் பாடம்

இவ்வளவு துன்பம் நேர்ந்த பின்னும் அம்பேத்கர் சயாஜிராவை மறந்தாரல்லர். 1925 இல் வெளிவந்த தம் பொருளியல் நூலான ‘பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சி’ என்பதை அம்மன்னருக்கே காணிக்கையாக்கினார். தம் கல்விக்கு அவர் செய்த உதவிக்கு நன்றியின் அடையாளம் என்பதே அக்காணிக்கை உரையின் சாரம். அது ஒரே ஒரு வாக்கியம். அதில் மிகைப் புகழ்ச்சி இல்லை. தம்மைத் தாழ்த்திக் கூறும் சொல் ஒன்றும் இல்லை. செய்த உதவி இன்னது, செய்தவர் இன்னார், பெற்றவன் அதனை அறிவான் என்பவை மட்டுமே உள்ளன.

அதே கை பரோடா விடுதியில் நேர்ந்ததையும் பிற்காலத்தில் ஒளிக்காமல் எழுதி வைத்தது. உதவி செய்தவரின் ஊர் என்பதற்காக உண்மையை அவர் மறைக்கவில்லை. உண்மை கசப்பானது என்பதற்காக உதவியையும் மறக்கவில்லை. நன்றியும் மானமும் ஓர் உள்ளத்தில் ஒருங்கே வாழும் என்பதற்கு இதுவே சான்று.

வேறு இரு காணிக்கைகளும் உண்டு. ‘சூத்திரர்கள் யார்?’ என்னும் நூலை 1946 இல் மகாத்மா ஜோதிராவ் பூலேவின் நினைவுக்கு உரித்தாக்கினார். 1948 இல் வெளிவந்த ‘தீண்டப்படாதோர்’ என்னும் நூலை நந்தனார், ரவிதாசர், சோக்காமேளர் ஆகிய மூவர் நினைவுக்கு உரித்தாக்கினார். மராட்டியத்திற் பிறந்த ஆராய்ச்சியாளர் தம் நூலின் முகப்பில் நம் ஆதனூர் நந்தனாரின் பெயரைப் பொறித்தமை தமிழ் மக்கள் என்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. பொருள் தந்தவர்க்கு ஒரு நூல். வழி தந்தவர்க்கு ஒரு நூல். கல்வியே கிடைக்காமல் மறைந்த முன்னோர்க்கு ஒரு நூல். நன்றி எத்திசைகளிற் செல்ல வேண்டும் என்பதை இம்மூன்றும் காட்டுகின்றன.

அந்த 1948 ஆம் ஆண்டு நூலின் முன்னுரையில் அவர் தம் ஆய்வு முறையையும் விளக்குகிறார். தீண்டாமையின் தோற்றத்திற்கு நேரடிச் சான்றுகள் அரியனவாக இருக்க, உடைந்த கற்களைக் கொண்டு ஒரு நகரையே மீண்டும் உருவாக்கிக் காட்டும் தொல்லியலாரின் பணியோடு தம் பணியை அவர் ஒப்பிடுகிறார். தீண்டாமை ஏறத்தாழ கி.பி. 400 அளவில் தோன்றியது என்பது அவர் கண்ட முடிவு. அறிஞர்கள் அதனோடு உடன்படலாம், மாறுபடலாம். தீண்டாமைக்கு ஒரு தொடக்கம் உண்டு, அதனைச் சான்றுகொண்டு தேடலாம் என்று காட்டியதே பெருஞ்செயல். தொடக்கம் உடைய ஒன்றுக்கு முடிவும் உண்டு அல்லவா?

கொடை உரிமையாயிற்று

வைசிராயின் ஆட்சிக் குழுவில் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். பதவியேற்ற அவ்வாண்டிலேயே அட்டவணை வகுப்பினரின் குறைகளை விரித்துரைத்து வைசிராயிடம் ஒரு மனு அளித்தார். உயர்கல்விக்கு நிதி வேண்டும் என்பது அதன் முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்று. அதன் பயனாக 3 இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1944 அளவில், அட்டவணை வகுப்பு மாணவர்க்கு மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. குடியரசு மலர்ந்தபின் அரசமைப்புச் சட்டத்தின் 46 ஆம் பிரிவு, நலிந்த பிரிவினரின் கல்வி நலனைத் தனிக் கவனத்துடன் பேணுதல் அரசின் கடமை என்றது. இன்று நம் பிள்ளைகள் கல்லூரியிற் பெறும் உதவித்தொகையின் வேர் அங்கே உள்ளது.

ஓர் அரசரின் அருளால் ஒரு மாணவர் பெற்றதை, அம்மாணவர் வளர்ந்து ஆயிரமாயிரம் மாணவர்க்குரிய உரிமையாக மாற்றினார். 25 ரூபாய்க் கடன் தீர்ந்த விதம் இது. அரண்மனைக்குத் திரும்பிச் சென்று பணம் செலுத்தியிருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும். அவர் அதனைப் பின்வருவோர்க்குச் செலுத்தினார்.

பரோடாவிலும் அவ்விதை வேறு வகையில் முளைத்தது. சயாஜிராவ் பெயரால் 1949 இல் பல்கலைக்கழகம் அமைந்தது. அங்கு 1952 இல் அருங்காட்சியகவியல் பாடமாயிற்று. அப்பல்கலைக்கழகத் தொல்லியலார் 1960 ஆம் ஆண்டை ஒட்டித் தேவ்னிமோரி என்னும் ஊரில் அகழ்ந்து ஒரு பௌத்தத் தூபியையும், புத்தரின் திருவெச்சம் அடங்கிய கற்பேழையையும் வெளிக்கொணர்ந்தனர். பேழையின்மீது பொறித்த எழுத்துகளே அதனை அறிவித்தன. அம்பேத்கர் 1956 இல் நாகபுரியில் புத்த நெறியைத் தழுவிச் சில ஆண்டுகளுக்குள், அவருக்கு இடம் மறுத்த நகரின் அறிஞர்கள் அந்நெறியின் சான்றினை மண்ணிலிருந்து எடுத்தனர்.

பானையோடும் பதிவேடும்

இவ்வளவும் கூறியதற்கு அண்மையில் நிகழ்ந்த ஒரு காரணமும் உண்டு. நம் ஊரைச் சேர்ந்த இளங்கலை வரலாற்று மாணவி ஒருத்தி, சென்ற கோடை விடுமுறையில் ஓர் அருங்காட்சியகத்தின் தொல்லியற் பிரிவில் உதவித்தொகையுடன் ஆய்வுப் பயிற்சி பெற்றாள். அவளுடைய தாயார் சில ஆண்டுகட்கு முன் ஓர் அகழாய்வுக் குழியில் நாட்கூலிக்கு மண்கூடை சுமந்தவர். தாய் சுமந்தது மண்; மகள் கற்றது அம்மண்ணிற் கிடைத்த பொருளைப் படிக்கும் முறை.

அப்பணி எத்தகையது என்பதை நம் இளைஞர்கள் அறிதல் நலம். குழியிலிருந்து வந்த பானையோடுகளை மென்மையான தூரிகையால் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். ஒவ்வோர் ஓட்டின்மீதும் ஊர், குழி, மண்ணடுக்கு, ஆண்டு ஆகியவற்றின் குறியீட்டை நுண்ணிய எழுத்தில் எழுத வேண்டும். விளிம்பு உடைய ஓட்டினை வரைதாளில் அளவோடு வரைய வேண்டும். பின்னர்ப் பதிவேட்டில் எண்ணிட்டுச் சேர்க்க வேண்டும். எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்னும் குறிப்பு தொலைந்துவிட்டால் பானையோடு வெறும் ஓடாகிவிடும். அதன் காலத்தைக் கூற எவராலும் இயலாது. ஆதலின் அருங்காட்சியகத்தின் உயிர் கண்ணாடிப் பேழையில் இல்லை, பதிவேட்டில் உள்ளது எனலாம்.

அப்பதிவேட்டை நம்மவர் எழுதுவதிற் பெரும்பயன் உண்டு. கீழடியில் கிடைத்த பானையோடுகளில் ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் தமிழி எழுத்திற் கீறப்பட்டுள்ளன. பானை அடுக்களைப் பொருள். அதன்மீது பெயர் கீறும் அளவுக்கு எழுத்து மக்களிடையே புழங்கியிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் பொறித்த கல்வெட்டுகளிலோ, வரி நீக்கப்பட்ட நிலப்பகுதிகளின் பட்டியலில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்னும் சொற்கள் இடம்பெறுகின்றன. எழுத்தின் பெருமைக்குச் சான்று தரும் அதே மண், இழிவு எழுதப்பட்டதற்கும் சான்று தருகிறது. முன்னதைக் கண்டு மகிழவும் பின்னதை மறைக்காமற் படிக்கவும் கற்றவர் நமக்கு வேண்டும்.

பழமைச் சின்னங்களின் வாயிலில் நம்மவர் எவ்வாறு நிறுத்தப்பட்டனர் என்பதும் மறக்கற்பாலதன்று. 1934 இல் அம்பேத்கரும் தோழர்களுமாக ஏறத்தாழ முப்பதின்மர் எல்லோராக் குகைகளைக் காணச் சென்ற வழியில் தௌலதாபாத் கோட்டையை அடைந்தனர். வாயிலில் இருந்த குளத்து நீரில் முகம் கழுவியதற்காகக் கூட்டம் கூடி அவர்களை வைதது. கோட்டைக்குள் எங்கும் தண்ணீரைத் தொடக் கூடாது என்னும் கட்டுப்பாட்டுடன், காவலுக்கு ஆயுதமேந்திய வீரன் ஒருவனும் உடன் அனுப்பப்பட்டான். வரலாற்றைக் காண வந்த அறிஞருக்கு நேர்ந்தது அது. இன்று நம் பிள்ளை பதிவேடும் அளவுகோலும் கையிலேந்தி அருங்காட்சியகத்தின் உள்ளறையில் அமர்கிறாள் எனில், அவ்விருக்கையின் விலை நமக்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.

பயிற்சி முடிந்து வந்த அம்மாணவி, உதவித்தொகை அளித்தோர்க்கு எழுதிய நன்றி மடலை என்னிடம் காட்டினாள். “ஏழையாகிய அடியேன்” என்று அது தொடங்கியது. அவ்விரு சொற்களையும் நீக்கிவிட்டு, அங்கு என்ன கற்றாய், எவற்றைப் பதிவு செய்தாய், கண்ட ஐயம் யாது, இனி எதனை ஆராய விரும்புகிறாய் என்று எழுதும்படி கூறினேன். அவள் எழுதிய இரண்டாம் மடல் முதலதினும் நீண்டது. பன்மடங்கு நன்றியுடையதாகவும் இருந்தது. கொடை தந்தோர் காண விரும்புவது தம் பணம் அறிவாக மாறிய காட்சியை அன்றி, குனிந்த தலையை அன்று.

நாம் செய்யத்தக்கன

நம் கழகம் 25 ஆண்டுகளாகச் சிறு சிறு நன்கொடைகளைத் திரட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்து வருகிறது. நாட்கூலியில் ஒரு பங்கும் அரசு ஊழியரின் ஊதியத்தில் ஒரு பங்கும் அதில் கலந்துள்ளன. இவ்வுதவியை எங்கிருந்து பெற்ற மாணவரும் மூன்று செயல்களை மேற்கொள்ளலாம் என்பது என் வேண்டுகோள்.

உதவி செய்தவர்க்கு உரிய காலத்தில், நிமிர்ந்த நடையில், செய்த பணியை விளக்கி மடல் எழுதுக. தாம் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் படி ஒன்றைக் கழக நூலகத்தில் வைக்க. பின்வரும் மாணவர்க்கு அதுவே வழிகாட்டி. தமக்குக் கிடைத்த வாய்ப்பு எங்குள்ளது, எவ்வாறு விண்ணப்பிப்பது, எந்நாளில் முடிகிறது என்பனவற்றைக் குறைந்தது இளையோர் ஒருவர்க்கேனும் அருகமர்ந்து சொல்லித் தருக. கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் செய்தது அவ்வளவே. ஒரு நூலைக் கொடுத்தார். ஒரு வாயிலைக் காட்டினார்.

அம்மாணவி எழுதிய கட்டுரையின் படி நம் நூலகத்தின் வரலாற்று அடுக்கில் இப்போது உள்ளது. அடுத்த ஆண்டுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க விழைவோர் ஞாயிறு மாலைகளில் வந்து அதனைப் படிக்கலாம்.